ஜெர்மனியில் தேவாலய இசை படிக்க ஸ்காலர்ஷிப்பில் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் தேவாலய இசை படித்துவிட்டு வந்தவன் என்று தெரிந்ததும், கன்வென்ஷன் பந்தலிலும் கல்யாண வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பாதிப் பேர் ஸ்காலர்ஷிப் பணத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் பணம் இரண்டாவது தடைதான், முதல் தடை நுழைவுத் தேர்வு. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் அந்தந்தப் பள்ளி, தூதரகத்தின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சர்ச் மியூசிக்குக்குன்னு ஒரு டிகிரியா? வாசிக்கிறதுக்கு நாலு வருஷமா?

ஆமாம். அங்கே தேவாலய இசைஞர் என்பது நியமனமும் சம்பளமும் உள்ள ஒரு வேலை. இளங்கலை எட்டு செமஸ்டர், அதற்கு மேல் முதுகலை நான்கு செமஸ்டர். இளங்கலையை 'பி' தேர்வு, முதுகலையை 'ஏ' தேர்வு என்று பழைய பெயரிலும் சொல்வார்கள். வேலை விளம்பரங்களில் 'பி' பணியிடம், 'ஏ' பணியிடம் என்றுதான் இருக்கும். பகுதி நேரமாக வாசிப்பவர்களுக்கு 'சி', 'டி' என்று சின்னத் தேர்வுகளும் உண்டு.

வாசிப்பு அதில் ஒரு பங்குதான். ஆர்கன் இலக்கியம், ஆராதனைக்கான ஆர்கன் வாசிப்பு, பியானோ, குரல், கொயர் நடத்துதல், ஆர்கெஸ்ட்ரா நடத்துதல், காதுப் பயிற்சி, ஹார்மனி, கௌன்டர்பாயின்ட், முழு ஸ்கோரைப் பார்த்துப் பியானோவில் வாசிப்பது, ஞானப்பாட்டுகளின் வரலாறு, வழிபாட்டு முறை, ஆர்கன் கட்டுமானம், பிள்ளைகள் கொயர், பித்தளை வாத்தியக் குழு, இப்போது பாப் இசையும். இதில் கொயர் நடத்துவதுதான் பலரைத் திணறடிக்கும். நம் ஊரில் கொயர் மாஸ்டர் பாடிக் காட்டுவார், பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள். அங்கே பாடிக் காட்டாமல், கையாலும் இரண்டு மூன்று வார்த்தையாலும் தவறைச் சரிசெய்ய வேண்டும்.

எல்லாரும் லண்டன், அமெரிக்கான்னு போறாங்க. நீங்க ஏன் ஜெர்மனி?

முதல் காரணம் சாதாரணமானது. பெரும்பாலான அரசு இசைப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு நிர்வாகத் தொகை கட்டினால் போதும். விதிவிலக்கும் உண்டு. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். லைப்சிக் இசைப் பல்கலைக்கழகமும் நம்மைப் போன்றவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. 'ஜெர்மனியில் எல்லாமே இலவசம்' என்று ஏஜென்ட் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இரண்டாவது காரணம் ஹாலே. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு படித்த ஊர் அது. அந்த மிஷனுக்குப் பின்னால் நின்ற ஃபிராங்கே நிறுவனங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அதன் ஆவணக் காப்பகத்தில் தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. இசையமைப்பாளர் ஹேண்டல் 1685-இல் பிறந்ததும் இதே ஊரில்தான். சந்தைச் சதுக்கத்துக் கோவிலில் ஆர்கன் வாசித்த சாகோவிடம்தான் சிறுவனாக இருந்தபோது பாடம் கற்றார். நம் லூத்தரன் சபைகளில் பாடும் பல ஞானப்பாட்டுகளின் மெட்டு கோரல் என்கிற ஜெர்மன் சபைப் பாட்டின் மெட்டுதான். சின்ன வயதிலிருந்து தமிழ் வார்த்தையில் பாடிய மெட்டு, ஹாலேயில் முதல் ஞாயிறு ஆராதனையில் ஜெர்மனில் கேட்டது. பக்கத்தில் நின்ற பாட்டிக்கு நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று புரிந்திருக்காது.

எனக்கு கீபோர்டு சூப்பரா வரும். பைப் ஆர்கனைத் தொட்டதே இல்ல. பரவாயில்லையா?

பியானோ நன்றாக வந்தால் வழி இருக்கிறது. கீபோர்டு மட்டும்தான் என்றால் கஷ்டம். தொடுகையில் எடை உள்ள விசையில் பழகாத விரல்கள் பியானோ தேர்விலேயே மாட்டிக்கொள்ளும். பியானோ பலமாக இருந்தால், ஆர்கனில் ஆரம்ப நிலையில் இருப்பவர்களையும் எடுக்கிற பள்ளிகள் சில உண்டு. சென்னையில் பழைய கோவில்கள் சிலவற்றில் பைப் ஆர்கன் இருக்கிறது. அங்கே வாசிப்பவரிடம் மரியாதையாகக் கேட்டால், பெடலில் (காலால் வாசிக்கும் விசைகளில்) கால் வைத்துப் பார்க்கவாவது விடுவார்கள். அதற்கென்று மெல்லிய அடியும் சின்னக் குதிகாலும் உள்ள ஷூ வேண்டும். செருப்போடும் வெறுங்காலோடும் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது சிரமம்.

இன்னொன்று, டிரான்ஸ்போஸ் பட்டன். ஆராதனையில் அக்கா ஒருவர் ஒரு சுருதி கீழே பாட ஆரம்பித்தால் நாம் பட்டனை இரண்டு முறை தட்டிவிட்டு 'சி' மேஜரிலேயே வாசிப்போம். பைப் ஆர்கனில் அந்தப் பட்டன் இல்லை. 'இந்தப் பாட்டை ஒரு டோன் கீழே வாசி' என்பது அங்கே தேர்வுக் கேள்வி. இன்றைக்கே உங்கள் கீபோர்டில் அந்தப் பட்டனை மறந்துவிடுங்கள். போகாமல் போனாலும் லாபம்தான்.

டிரினிட்டி எட்டாம் கிரேடு டிஸ்டிங்ஷன். இது போதும்தானே?

அந்தச் சான்றிதழை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். ஆனால் அதற்காகப் போட்ட உழைப்பு வீண் போகாது. எட்டாம் கிரேடு பியானோ நுழைவுத் தேர்வின் வாசற்படி அளவுக்கு வரும். டிப்ளமா நிலையில் வாசிப்பவர்கள் கொஞ்சம் நிம்மதியாக உட்காரலாம்.

தேர்வு பள்ளிக்குப் பள்ளி மாறும், ஆனால் பொதுவான உருவம் இதுதான். ஆர்கனில் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று படைப்புகள், அதில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் படைப்பு கட்டாயம். பியானோவிலும் அதே மாதிரி. ஒரு ஞானப்பாட்டையும் ஒரு கலைப்பாடலையும் பாட வேண்டும். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு எண்ணைக் காட்டி, முன்னிசையோடு வாசிக்கச் சொல்வார்கள். சில இடங்களில் ஒரு சின்னக் குழுவை நிறுத்தி நடத்தச் சொல்வார்கள். அப்புறம் எழுத்துத் தேர்வு: இடைவெளி, கார்டு, மெலடியைக் கேட்டு எழுதுவது, நான்கு குரலுக்கு ஹார்மனி. கேட்டு வாசிப்பதில் நம் பிள்ளைகள் கெட்டி, கேட்டு எழுதுவதில்தான் விழுகிறார்கள். டோனிக் சால்ஃபாவில் (டோ, ரே, மி எழுத்துகளில்) கொயர் பாடி வளர்ந்தவர்களுக்குக் காது நன்றாகவே இருக்கும், ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷனில் கை வேகம்தான் வராது. தினமும் கால் மணி நேரம், ஏதாவது ஒரு மெட்டைக் கேட்டு எழுதுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் விண்ணப்பம் வசந்த காலத்தில், தேர்வு கோடை தொடங்கும் முன், வகுப்பு அக்டோபரில்.

ஸ்காலர்ஷிப் யார் தர்றாங்க? முழுச் செலவும் கிடைக்குமா?

பெரிய பெயர் டிஏஏடி, ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பு. இசைக்கென்று தனி உதவித்தொகை வைத்திருக்கிறார்கள். ஆனால் அது முதல் பட்டம் முடித்தவர்களுக்கு, மேற்படிப்புக்காக. வாசிப்பைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பட்டதாரிகளுக்கு மாதம் 992 யூரோ, கூடவே மருத்துவக் காப்பீடு, பயணத்துக்கு ஒரு தொகை. இங்கேதான் சிக்கல்: மேற்கத்திய இசையில் முழு இளங்கலைப் பட்டம் தரும் இடங்கள் இந்தியாவில் மிகக் குறைவு. பி.காம் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் வாசிப்பவருக்கு இந்தக் கதவு எளிதில் திறக்காது.

அடுத்தது சபை வழி. லூத்தரன் உலக சம்மேளனமும் ஜெர்மன் புரோட்டஸ்டன்ட் சபைகளின் 'உலகத்துக்கு அப்பம்' அமைப்பும் உதவித்தொகை தருகின்றன. இவற்றுக்குத் தனியாளாக எழுதிப் போட்டால் நடக்காது, உறுப்புச் சபையோ கூட்டாளி அமைப்போ பரிந்துரைக்க வேண்டும். இறையியல், சமூகப் பணி போன்ற துறைகளுக்குத்தான் முன்னுரிமை. அதனால் 'இசை எதற்கு?' என்று உங்கள் சபைக்குள்ளேயே முதலில் புரியவைக்க வேண்டியிருக்கும். கத்தோலிக்கப் பட்டதாரிகளுக்கு கேஏஏடி என்ற அமைப்பு இருக்கிறது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு மேற்படிப்பு உதவி செய்கிறார்கள், படித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இளங்கலை மாணவர்கள் அங்கே சேர்ந்த பிறகு 'டாய்ச்லான்ட் ஸ்டிப்பெண்டியம்' கேட்டுப் பார்க்கலாம். மாதம் 300 யூரோ, பாதி மத்திய அரசும் பாதி தனியாரும் தருவது. எந்த நாட்டவருக்கும் கிடைக்கும். வாழ்க்கைச் செலவுக்குப் போதாது, ஆனால் மூச்சு விடலாம்.

எனக்குக் கிடைச்ச உதவித்தொகை பத்தலன்னா மாசம் எவ்வளவு வேணும்?

விசாவுக்கு ஜெர்மன் அரசு வைத்திருக்கும் கணக்கு மாதம் 992 யூரோ, அதாவது வருடத்துக்கு 11,904 யூரோ. உதவித்தொகை அதை எட்டாவிட்டால் மிச்சத்தை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும், மாதாமாதம்தான் எடுக்க முடியும். இது 2024 செப்டம்பர் முதல் உள்ள அளவு, அவ்வப்போது கூட்டுவார்கள். 30 வயதுக்குள் இருந்தால் மாணவர் மருத்துவக் காப்பீடு மாதம் சுமார் 140 யூரோ, அதைத் தாண்டினால் எகிறும். கிழக்கு ஜெர்மனியில் வாடகை குறைவு. மியூனிக்கில் ஒரு அறைக்குக் கொடுப்பதில் ஹாலேயில் அறையும் எடுத்துச் சாப்பாட்டையும் கவனித்துக்கொள்ளலாம்.

இசைக்கு மொழி எதுக்கு? இங்கிலீஷ் போதாதா?

போதாது. வாத்தியக் கலைஞர்கள் சிலர் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். தேவாலய இசைக்கு அது ஆகாது, ஏனென்றால் முப்பது நாற்பது முதியவர்கள் நிற்கிற ஒரு ஊர்க் கொயரை நடத்த வேண்டும். பள்ளிகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் பி1 அல்லது பி2 நிலை (நடுத்தர நிலைகள்) சான்றிதழ் கேட்கின்றன. சென்னையில் கோத்தே இன்ஸ்டிடியூட் இருக்கிறது, முதல் எழுத்திலிருந்து பி2 வரை போக ஒரு வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகையில் எங்கே இடறும் என்று சொல்கிறேன். இருபத்து நாலாம் பாரை ஜெர்மனில் 'நாலும் இருபதும்' என்ற வரிசையில் சொல்ல வேண்டும். அவசரத்தில் நீங்கள் நாற்பத்திரண்டு என்பீர்கள், சோப்ரானோ ஒரு பக்கம், பாஸ் ஒரு பக்கம் தொடங்கும். நாம் 'பி' என்று சொல்லும் சுரத்துக்கு அங்கே 'ஹா', நம் 'பி ஃபிளாட்' அங்கே 'பே'. இதைச் சொல்லாமல் விட்டால் முதல் ஹார்மனி வகுப்பு முழுவதும் தவறாகவே எழுதுவீர்கள். ஊரிலிருக்கும்போதே சுரப் பெயர்களை ஜெர்மனில் சொல்லிப் பழகிவிடுவது நல்லது.

நுழைவுத் தேர்வுக்கு டூரிஸ்ட் விசாவுல போய், பாஸானா அப்படியே தங்கிடலாமா?

கூடாது. குறுகிய கால ஷெங்கன் விசாவை அங்கேயே மாணவர் அனுமதியாக மாற்றித் தர மாட்டார்கள். ஊருக்குத் திரும்பி, சென்னைத் துணைத் தூதரகம் வழியாகப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு எழுதி அப்படியே தங்க வேண்டுமென்றால் அதற்கென்றே படிப்பு விண்ணப்பதாரர் விசா இருக்கிறது, அதைக் கேளுங்கள். சில பள்ளிகள் முதல் சுற்றை வீடியோவில் முடித்துவிடுவதால் வெறுங்கையோடு திரும்பும் ஆபத்து இப்போது கொஞ்சம் குறைவு.

நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழையும் மறக்காதீர்கள். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள் விசாவுக்கு அதைக் காட்ட வேண்டும். ஜெர்மன் அரசுப் பணத்தில் உதவித்தொகை பெறுபவர்களுக்கு விலக்கு உண்டு. சபைப் பணம் அந்தக் கணக்கில் வருமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்க பெந்தெகொஸ்தே. சேர்த்துக்குவாங்களா?

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் படிக்க யாரும் தடை சொல்வதில்லை. திருச்சபையே நடத்தும் பள்ளிகள் சபை உறுப்பினர் சான்று கேட்பதுண்டு. படித்து முடித்து சபையில் நிரந்தர வேலைக்குப் போகும்போதுதான் உறுப்பினர் விஷயம் பெரிதாக வரும். புரோட்டஸ்டன்ட் தேவாலய இசை, கத்தோலிக்கத் தேவாலய இசை என்று இரண்டு தனித்தனிப் படிப்புகள் இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். பாதிப் பாடம் ஒன்றுதான், ஆனால் வழிபாட்டு முறையும் பாட்டுப் புத்தகமும் வேறு. கத்தோலிக்கப் பக்கம் கிரகோரியன் பாட்டு அதிகம்.

அங்க கோவிலெல்லாம் காலியா கிடக்குதாமே? காலி பெஞ்சுக்கு வாசிக்கவா இவ்வளவு தூரம்?

ஞாயிறு காலை பத்து மணி ஆராதனைக்குப் பெரும்பாலும் கூட்டம் குறைவுதான். அதுவும் கிழக்கு ஜெர்மனியில், கம்யூனிஸ்ட் ஆட்சிக்குப் பிறகு எந்தச் சபையிலும் இல்லாதவர்களே பெரும்பான்மை. நம் ஊர் அசனப் பண்டிகைக் கூட்டத்தை நினைத்துக்கொண்டு போனால் மனம் உடையும்.

ஆனால் அதே கோவிலில் டிசம்பரில் பாக்கின் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ வைத்தால் உட்கார இடம் இருக்காது. கடவுள் நம்பிக்கை இல்லை என்று சொல்கிறவர்கள் கொயரில் வாராவாரம் தவறாமல் வந்து பாடுகிறார்கள். லைப்சிக்கில் பாக் 1723 முதல் 1750 வரை பணி செய்த தோமா கோவிலில், வெள்ளி மாலை ஆறு மணிக்கும் சனி பிற்பகல் மூன்று மணிக்கும் மோட்டட் ஆராதனை, அதாவது கொயர் இசையே முக்கியமான ஆராதனை உண்டு. ஹாலேயிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், சொற்பக் கட்டணம். நான் சனிக்கிழமைகளை அங்கேதான் செலவழித்தேன். வகுப்பில் மாதக்கணக்கில் சொல்லித் தருவதை அங்கே ஒரு மணி நேரத்தில் காதில் கேட்கலாம்.

ஒரு நாள் எப்படிப் போகும்? ரொம்பக் கஷ்டமா?

குளிர்தான் கஷ்டம், வேறு எதுவும் அவ்வளவு இல்லை. பள்ளியில் ஆர்கன் நேரம் பங்கு போட்டுத் தருவார்கள், அது போதாது என்று ஊர்க் கோவில்களில் சாவி வாங்கி வாசிப்பீர்கள். வாரநாளில் கோவிலைச் சூடாக்க மாட்டார்கள். ஜனவரியில் உள்ளே நின்றால் வாயிலிருந்து புகை வரும். விரல் நுனி வெட்டிய கையுறை, இரண்டு சாக்ஸ் (அதற்கு மேல் போட்டால் ஆர்கன் ஷூவில் கால் நுழையாது), ஃபிளாஸ்க்கில் இஞ்சி டீ. குளிரில் சாதாரணக் குழாய்களின் சுருதி இறங்கிவிடும், உள்ளே உலோக நாக்கு அதிரும் ரீட் குழாய்கள் அவ்வளவு இறங்காது. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் காது கூசும். அதனால் குளிர்காலத்தில் எந்த ஸ்டாப்பை (குழாய் வரிசையை) திறக்கக் கூடாது என்று ஒவ்வொரு கோவிலுக்கும் ஒரு குறிப்பு மனதில் வைத்திருப்போம்.

தனிப் பாடங்கள் ஆளுக்கு ஆள் தனியே நடக்கும். எனக்கு மிகவும் பிடித்ததும் பயந்ததும் ஆராதனை ஆர்கன் வகுப்பு. ஆசிரியர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைப்பார். 'முன்னிசை, பிறகு இரண்டு சரணம், இரண்டாவதில் மெட்டு டெனாரில்' என்பார். அதாவது இடது கை மெட்டை வாசிக்க வேண்டும், வலது கை மேலே துணைக் குரல்களைக் கட்ட வேண்டும், கால் பாஸ் போட வேண்டும், எதுவும் எழுதி வைத்ததல்ல. நம் ஆட்களுக்கு இந்த வகுப்பில் ஒரு அனுகூலம் உண்டு. முன்னறிவிப்பில்லாமல் பாட்டு எடுக்கும் ஆயர்களுக்கு வாசித்துப் பழகிய கைகள் லேசில் பதறாது.

பொண்ணத் தனியா அனுப்பலாமா? ராத்திரி கோவில்ல தனியா வாசிக்கணும்னு சொல்றாங்களே.

என்னோடு படித்தவர்களில் பெண்கள் நிறையப் பேர். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற விதி எங்கும் இருப்பதால் நள்ளிரவுப் பயிற்சி என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. தனியாக வாசிக்கும்போது உள்ளிருந்து பூட்டிக்கொள்வது எல்லோருக்கும் வழக்கம். கடைசி டிராம் நேரத்தைப் பார்த்துக் கிளம்புவதும் அப்படியே. மகளிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நவம்பரில் நாலரை மணிக்கு இருட்டிவிடும் ஊரில், வாரக்கணக்கில் தமிழ் பேசாமல் இருந்தால் தாங்குவாளா? துணைக்கு ஆள் தேடி வைப்பது நல்லது. ஜெர்மனியின் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள், மேற்குப் பகுதியில்தான் அதிகம். டச்சு எல்லைக்கு அருகே கேவலார் மாதா திருத்தலத்துக்கு ஆகஸ்டில் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் யாத்திரை வருகிறார்கள், இந்துக்களும் வருவார்கள். கத்தோலிக்கராக இல்லாவிட்டாலும் ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள், சோறும் பேச்சும் கிடைக்கும்.

முகவரி பதியும்போது என்ன மதம்னு கேட்பாங்களாமே? 'கிறிஸ்தவன்'னு சொன்னா வரி போடுவாங்களா?

கேட்பார்கள். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரி பதிய வேண்டும், அந்தப் படிவத்தில் இது உண்டு. புரோட்டஸ்டன்ட் அல்லது கத்தோலிக்கர் என்று எழுதினால் சபை வரிப் பட்டியலில் சேர்வீர்கள். ஆனால் அந்த வரி உங்கள் வருமான வரியின் மேல்தான் கணக்கிடப்படுகிறது: பவேரியா, பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலங்களில் 8 சதவீதம், மற்ற இடங்களில் 9 சதவீதம். வருமான வரியே கட்டாத மாணவருக்கு அது பூஜ்ஜியம். வரிக்குப் பயந்து 'மதம் இல்லை' என்று எழுதிவிட்டு, பிறகு சபையில் வேலை கேட்டுப் போய் நின்றவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வெளிய வாசிச்சு சம்பாதிக்கலாமா?

ஆர்கன் வாசிப்பவர்களுக்கு அங்கே தட்டுப்பாடு, அதனால் விடுமுறைக் காலத்தில் பதிலாளாக வாசிக்கக் கூப்பிடுவார்கள். ஒரு ஆராதனைக்குச் சில பத்து யூரோ கிடைக்கும், கல்யாணம், அடக்கம் என்றால் தனி. மாணவர் அனுமதியில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். அது ஊழியராகச் செய்யும் வேலைக்கு. பதிலாள் வாசிப்புக்கு வரும் பணம் பல இடங்களில் சுயதொழில் வருமானமாகக் கணக்காகும். சுயதொழிலுக்குக் குடியேற்ற அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். 'சும்மா ஒரு ஞாயிறுதானே' என்று நினைக்காதீர்கள்.

ஸ்காலர்ஷிப் கொடுப்பவரிடமும் முன்கூட்டிக் கேட்க வேண்டும். சிலர் வேலைக்கே அனுமதி தர மாட்டார்கள், சிலர் ஒரு அளவுக்கு மேல் வந்ததை உதவித்தொகையில் கழிப்பார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கர்த்தருக்கு வாசிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறது சரியா?

இதைக் கேட்பவர்களில் பலர் மாதச் சம்பளம் வாங்கும் ஆயர்கள் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். இருந்தாலும் பாக்கைப் பற்றிச் சொல்கிறேன். தன் படைப்புகளின் கடைசியில் 'தேவனுக்கே மகிமை' என்று லத்தீனில் எழுதியவர்தான், 1730-இல் பழைய நண்பர் எர்ட்மானுக்குக் கடிதம் எழுதுகிறார். வருமானம் சுமார் 700 தாலர் (அந்தக் கால வெள்ளி நாணயம்), சாவு அதிகமானால் கூடும், ஊரில் நல்ல காற்று அடித்தால் குறையும், போன வருடம் அடக்க ஆராதனைகள் குறைந்ததால் 100 தாலருக்கு மேல் நஷ்டம் என்று புலம்புகிறார். அவருக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதியதாகத் தெரியவில்லை.

ரொம்பப் படிச்சா அபிஷேகம் போயிடும்னு எங்க பாஸ்டர் சொல்றாரு.

எனக்கும் சொன்னார்கள். நான் பார்த்தது இதுதான்: அடுத்த கார்டு என்ன என்று தேடிக்கொண்டே வாசிக்கிறவன் பாட்டின் வார்த்தையைக் கவனிப்பதில்லை. விரல் தானாக வழி தெரிந்து போகும்போதுதான், சபை எங்கே மூச்சு விடுகிறது, எந்த வரியில் குரல் கம்முகிறது என்று கேட்க முடிகிறது. ஜெர்மன் ஆசிரியர்கள் பக்தியைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், அது முதலில் வறட்சியாகத்தான் இருந்தது. 'இந்தச் சரணத்தில் மரணம் என்ற சொல் வருகிறது, உன் ஹார்மனியில் அது கேட்கவில்லையே' என்று ஆசிரியர் ஒருநாள் நிறுத்தினார். அதைவிட நல்ல பிரசங்கம் நான் அங்கே கேட்கவில்லை.

ஆனால் பாஸ்டர் பயப்படுவதில் ஒரு துளி நியாயம் உண்டு. படித்துவிட்டு வந்து, ஊர்க் கொயரில் பாடும் அத்தையின் சுருதியைக் கிண்டல் செய்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

கீர்த்தனையெல்லாம் மறந்துடுமா? அங்க நம்ம சங்கீதத்தைப் பார்த்துச் சிரிப்பாங்களா?

சிரிக்க மாட்டார்கள், ஆனால் நோட்டு எங்கே என்று கேட்பார்கள். கமகத்தை நோட்டில் எழுத உட்கார்ந்தால்தான் நாம் என்ன பாடுகிறோம் என்பது நமக்கே தெரியும். குரல் வகுப்பில் கொஞ்சம் பொறுமை வேண்டும். கர்நாடகப் பயிற்சி உள்ளவர்கள் சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போவார்கள், அங்கே நேராக நிற்கச் சொல்வார்கள். இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளப் பழகலாம்.

ஹார்மனி படிப்பு கீர்த்தனைக்கு நேரடியாக உதவுகிற இடம் ஒன்றைச் சொல்கிறேன். கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனை, சுருதி 'சி' என்று வையுங்கள். நம் கீபோர்டுக்காரர் பழக்கதோஷத்தில் 'எஃப்' மேஜர் கார்டு போடுவார். கல்யாணிக்கு பிரதி மத்யமம், அதாவது 'எஃப் ஷார்ப்'. 'எஃப்' கார்டு விழுந்த நொடியே சுத்த மத்யமம் நுழைந்து ராகம் கெட்டுவிடும். அங்கே போட வேண்டியது 'டி' மேஜர், அல்லது 'சி'-யிலேயே நிற்பது. மோடு என்கிற ஐரோப்பியப் பழைய சுர வரிசைகளை, குறிப்பாகக் கல்யாணி போலவே இருக்கும் லிடியனை, பாடமாகப் படித்த பிறகு இது கண்ணுக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரைத் தஞ்சையில் வளர்த்தவர் ஹாலேயில் படித்து வந்த ஸ்வார்ட்ஸ் ஐயர்தான். அந்தப் பிள்ளை ஜெர்மன் கோரலையும் கேட்டு வளர்ந்து, குறவஞ்சியும் பாடினார். இதை ஒரு வரலாற்று வகுப்பில் சொன்னபோது, அடுத்த வாரமே ஒரு கீர்த்தனையை எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள்.

முடிச்சிட்டு ஊருக்கு வந்தா என்ன வேலை? சபை பாண்டு கேட்குதே, போடலாமா?

முதலில் அங்கே தங்குவது பற்றி. பட்டம் பெற்ற பிறகு வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி கிடைக்கும். மேலே சொன்ன தட்டுப்பாட்டால் சின்ன ஊர்களில் இடம் கிடைப்பது கடினமல்ல. ஊர் திரும்பினால், நம் சபைகளில் முழுநேர இசைஞர் பணியிடம் என்பது அநேகமாக இல்லை. இங்கே வந்தவர்கள் பள்ளியில் பாடம், தனி வகுப்பு, இறையியல் கல்லூரியில் சில மணி நேரம், ஸ்டுடியோ வேலை என்று நான்கைந்தைச் சேர்த்துத்தான் பிழைக்கிறோம்.

பாண்டு தவறான விஷயமல்ல, சபைப் பணத்தில் போகிறவர் சில வருடம் திருப்பிச் செய்வது நியாயம்தான். ஆனால் எத்தனை வருடம், என்ன பதவி, மாதம் எவ்வளவு, எந்த ஊரில் என்ற நான்கும் தாளில் இருக்க வேண்டும். அனுப்பும்போது இருந்த நிர்வாகம் நீங்கள் திரும்பும்போது இருக்காது. தேர்தல் வரும், அணி மாறும், 'உன்னை அனுப்பியது அவங்க' என்ற பேச்சு வரும். தேதியும் முத்திரையும் உள்ள கடிதத்தின் நகல் ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டு, இன்னொன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். 'வந்ததும் பார்த்துக்கலாம்' என்று சொன்னால், எழுதித் தரும் வரை விசாவுக்கு நாள் குறிக்காதீர்கள்.